ஆஸ்திரேலியாவில் நகரங்களைத் தாண்டி உள்ளே போனால் பார்க்க என்ன இருக்கிறது? 200 வருட நாட்டுக்கு வரலாறு ஏது?

கேள்வியின் இரண்டாவது வரிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்து, கடற்கரைகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அடிலெய்டுக்கு வந்த முதல் மூன்று வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபரினா போய் வந்த பிறகு சொல்வதில்லை.

ஃபரினா அடிலெய்டுக்கு வடக்கே 600 கிலோமீட்டருக்கு மேல். லின்ட்ஹர்ஸ்ட் என்ற சின்ன ஊரோடு தார்ச்சாலை முடிந்தது. அதன் பிறகு செம்மண் பாதையில் 26 கிலோமீட்டர். போய் இறங்கினால், கூரை இல்லாத கல் சுவர்கள், பழைய ரயில்பாதையின் மிச்சம், காற்று. என் மனைவி காரை விட்டு இறங்கியதும் "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டாள். சாயங்காலம் கிளம்பலாம் என்றபோது இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம் என்று சொன்னவளும் அவள்தான்.

1878-ல் இந்த ஊருக்கு மனை பிரித்தார்கள். அதற்கு முன் ஓடைக்கரை யூகலிப்டஸ் மரங்களை வைத்து இந்த இடத்தை 'கவர்ன்மென்ட் கம்ஸ்' என்று அழைத்தார்கள். கோதுமை விளையப்போகிறது என்ற நம்பிக்கையில் 'ஃபரினா' என்று பெயரை மாற்றினார்கள். லத்தீனில் அதற்கு 'மாவு' என்று பொருள். வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத இடத்துக்கு மாவு என்று பெயர்!

தெரியாமல் செய்ததில்லை என்பதுதான் என் வருத்தம். தென் ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் 1865-லேயே, ஒரு கடும் வறட்சியை அடுத்து, குதிரையில் சுற்றிப் பார்த்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு வடக்கே மேய்ச்சல் மட்டும், பயிர் வேண்டாம் என்றார். எந்த இடத்தில் சால்ட்புஷ் என்ற உப்புப் புதர் தொடங்குகிறது என்று கவனித்துத்தான் பெரும்பாலும் அந்தக் கோட்டைப் போட்டார். மண் சொன்னதைக் கேட்ட மனிதர். அப்புறம் சில வருடம் நல்ல மழை. ஏர் போகிற இடத்துக்கு மழையும் பின்னாலேயே வரும் என்று பேசத் தொடங்கினார்கள். 1874-ல் அரசாங்கமே அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. ஃபரினா அந்தக் கோட்டுக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிறது. 1880-களின் தொடக்கத்தில் வறட்சி திரும்பியது. கோட்டைத் தாண்டி நிலம் வாங்கியவர்களில் பலர் கட்டிய வீட்டை அப்படியே விட்டுவிட்டுத் தெற்கே போனார்கள். மானாவாரி நிலத்தை நம்பிய வீட்டில் பிறந்தவன் நான். நாலு நல்ல வருடம் ஒரு குடும்பத்தை எப்படி ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும்.

கோதுமை வராவிட்டாலும் ரயில் வந்தது. 1882-ல் பாதை ஃபரினாவை எட்டியது. 1884-ல் பாதை இன்னும் வடக்கே உள்ள மரீ என்ற ஊர் வரை போகும்வரை இதுதான் கடைசி நிலையம். இரண்டு ஓட்டல்கள், பள்ளிக்கூடம், காவல் நிலையம் என்று நன்றாக இருந்த நாளில் சுமார் 300 பேர் இருந்திருக்கிறார்கள். உள்நாட்டுக்குச் சரக்கு போனது ஒட்டகத்தில். ஓட்டியவர்களை 'ஆப்கான்' என்றே எல்லோரும் சொன்னாலும், பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. ஊருக்கு வெளியே உள்ள கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ரொம்ப நேரம் நின்றேன். கப்பலேறி வந்து இவ்வளவு தூரத்தில் மண்ணுக்குள் போனவர்கள். 1980-ல் அந்த ரயில்பாதையையும் மூடிவிட்டார்கள்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. "வெள்ளைக்காரன் கதையை மட்டும் சொல்கிறாய்" என்று சிலர் சொல்லலாம், நியாயம்தான். லின்ட்ஹர்ஸ்ட்டைத் தாண்டியதுமே காவிமண் குழிகள் இருக்கின்றன. மஞ்சளும் சிவப்புமாகப் பாறை தெரியும். பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே காவி வெட்டி நெடுந்தூரம் கொண்டுபோய்ப் பண்டமாற்று செய்திருக்கிறார்கள். 200 வருடம் என்ற கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

     

2009-லிருந்து தன்னார்வலர்கள் ஃபரினாவின் கல் கட்டடங்களைச் சீர்செய்து வருகிறார்கள். அவர்கள் மீட்டெடுத்ததில் தரைக்கு அடியில் உள்ள பழைய பேக்கரியும் ஒன்று. படியிறங்கிப் போனால் விறகு வாசனையோடு சூடு முகத்தில் அடித்தது. முழங்கை வரை மாவு ஒட்டியிருந்த ஒரு அம்மா, நீளமான மரத்துடுப்பால் அடுப்பின் ஆழத்திலிருந்து ரொட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தார். கோதுமை எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டேன். துடுப்பைக் கீழே வைக்காமல் தாடையால் தெற்கைக் காட்டி, "கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்துதான்" என்றார். இடிந்த சுவர் ஒன்றில் உட்கார்ந்து நானும் மனைவியும் அந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். மேல்தோல் மொறுமொறுவென்று, உள்ளே கை சுடும் சூடு.

போவதானால் ஜூன், ஜூலையில் போங்கள், அப்போதுதான் அடுப்பு எரியும். வண்டியில் 20 லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும்.