வேப்பிலைப் படம் போட்டிருந்தால் மருந்தாகிவிடுமா?

கே: வேப்ப மருந்து தெளித்த மறுநாளும் புழுக்கள் ஊர்கின்றன. ஏமாந்துவிட்டேனா?

ப: அவசரப்படாதீர்கள். வேம்பிலுள்ள வீரியப் பொருளான அசாடிராக்டின் புழுவைத் தின்னவிடாது. தோலுரித்து வளரவும் விடாது. உடனே கொல்லாது. ஊர்கிறதா என்று பார்க்காமல், இலையில் புதுக் கடி விழுகிறதா என்று சில நாள் பாருங்கள்.

கே: ‘முழுக்க இயற்கை’ என்று கொடுத்த மருந்தைத்தான் அடித்தேன். பூச்சிகள் ஒரு மணி நேரத்தில் செத்தன. இப்போது காய்களில் ரசாயன எச்சம் இருக்கிறதென்று வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டார். நான் ரசாயனமே தொடுவதில்லை.

ப: நம்புகிறேன். உங்கள் மேல் தப்பில்லை. செயற்கை மருந்தைக் கலந்துவிட்டு மூலிகை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். மிச்ச மருந்தை ஊற்றிவிடாதீர்கள். ரசீது, எச்சப் பரிசோதனை அறிக்கை, அதே தொகுதி எண்ணில் திறக்காத பாட்டில் ஒன்று, மூன்றையும் வைத்து வேளாண் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

எனக்கு ஆறாத கோபம் இந்த லேபிள்கள் மேல்தான். நான் வாங்கிய ஒன்றில் முன்பக்கம் வேப்பங்கொத்து. பின்னால் ‘மூலிகைச் சாறுகள்’ என்று ஒரே வரி. பதிவு எண் கிடையாது. தேதிச் சீட்டை நகத்தால் சுரண்டினால் அடியில் பழைய தேதி. அசாடிராக்டின் இருப்பில் கிடந்தே வீரியம் இழக்கும் பொருள். பழைய தேதியை மறைப்பது பச்சை மோசடி. அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று போடாத வேப்ப மருந்தைத் தொடாதீர்கள். 1,500 பிபிஎம் என்றால் 0.15 சதவீதம், 10,000 என்றால் 1 சதவீதம். இரண்டிலும் ஒரே இலைப் படம்தான் இருக்கும்! தெளிவாக்கிய வேப்பெண்ணெயில் அசாடிராக்டின் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். அசுவினி போன்ற மெல்லுடல் பூச்சிகளை மூச்சடைக்க வைக்கும், அவ்வளவே.

கே: லேபிள் கிழிந்துவிட்டது. குத்துமதிப்பாக எவ்வளவு கலக்கலாம்?

ப: கலக்காதீர்கள்.

கே: புகையிலைச் சாறு செடியிலிருந்து வந்ததுதானே, கையுறை எதற்கு?

ப: இந்தக் கேள்வியை எத்தனை பேர்தான் கேட்பீர்கள்? நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம். ரோட்டெனோன் என்ற பூச்சிக்கொல்லியும் செடியின் வேரிலிருந்து எடுப்பதுதான். குளத்தில் கலந்தால் மீன் செத்து மிதக்கும். பூவிலிருந்து வரும் பைரெத்ரம் தேனீயையும் கொல்லும். கையுறை போடுங்கள்.

கே: நல்ல மருந்துதான், காலை பத்து மணிக்கு அடிக்கிறேன். பலன் நிற்கவில்லை.

ப: வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும். சாயங்காலம், இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள்.