புரதத்தின் வடிவம் கிடைத்துவிட்டால் கணினியிலேயே மருந்து வடிவமைத்துவிடலாமா? அதன் செயல்பாட்டுத் தகவலும் வேண்டுமா?

வேண்டும். நீங்கள் ப்ராஜெக்டுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். செயற்கை நுண்ணறிவு கணித்த வடிவங்களை வைத்திருக்கும் ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தில் 20 கோடிக்கும் மேல் புரத வடிவங்கள் சும்மா கிடைக்கும்போது இன்னும் என்ன படிப்பது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வாங்கிக் கட்டிக்கொள்ளும் வரை.

2020 ஊரடங்கு. எம்.எஸ்சி. ப்ராஜெக்டை ராயக்கோட்டை வீட்டிலிருந்தே முடிக்கச் சொல்லிவிட்டார்கள். தக்காளி விற்ற காசில் அப்பா வாங்கித் தந்த லேப்டாப், 4 ஜிபி ராம். (அந்தத் தக்காளிக்கே தனிப் பதில் எழுதலாம். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாத விலைக்கு மண்டியில் கேட்பார்கள். நாம் கொடுத்துவிட்டு வந்த நாலாம் நாள் விலை ஏறும். சரி, விடுங்கள்.)

கொரோனா வைரஸின் முக்கிய புரோட்டியேஸ், அதாவது புரதத்தை வெட்டும் என்சைமின் வடிவம், 6எல்யூ7 என்ற அடையாளத்தில் புரத வங்கி என்ற இணையத் தரவுத்தளத்தில் இருந்தது. இறக்கி, அதில் ஒட்டியிருந்த என்3 தடுப்பானை (என்சைமை வேலை செய்யவிடாத மூலக்கூறு) நீக்கினேன். மூலக்கூறு எங்கே ஒட்டும் என்று தேடவேண்டிய எல்லைதான் கிரிட் பெட்டி. புரதம் முழுவதையும் அதற்குள் அடக்கி, நிலவேம்பின் சேர்மங்களை ஒவ்வொன்றாக, எது எங்கே எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணிக்கும் ஆட்டோடாக் வினா மென்பொருளில் ஓட விட்டேன். ராத்திரி முழுக்க லேப்டாப் ஃபேன் சத்தம். விடிந்தபோது அதில் ஒன்றான ஆண்ட்ரோகிராஃபோலைடுக்கு மைனஸ் 8-ஐத் தாண்டிய ஸ்கோர். மைனஸ் கூடக் கூட நன்றாக ஒட்டும் என்று அர்த்தம். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டது ஒன்றுதான்: "இந்த என்சைம் தனியா வேலை செய்யுமா, ஜோடியாவா தம்பி?"

முழித்தேன். ஜோடியாகத்தான் செய்யும். இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வைரஸின் நீளமான புரதச் சங்கிலி ஒழுங்காக வெட்டுப்படும். வெட்டுகிற இடம் (செயல் மையம்) ஹிஸ்டிடின் 41, சிஸ்டைன் 145 என்ற அமினோ அமிலங்கள் பக்கம். நான் இறக்கிய ஃபைலில் இருந்தது ஒரு பிரதி. என் மூலக்கூறு போய் உட்கார்ந்திருந்ததோ, இன்னொரு பிரதி வந்து ஒட்டவேண்டிய பக்கத்தில். அடுத்தவர் சீட்டில் துண்டு போட்ட கதை.

ஜோடி சேராமல் தடுப்பதும் ஒரு வழிதானே என்று யாராவது வருவீர்கள். வழிதான், தெரிந்து செய்திருந்தால். நான் ரிப்போர்ட்டில் எழுதியது 'செயல் மையத்தை அடைக்கிறது' என்று. நிலவேம்பையும் நான் குறை சொல்லவில்லை. தப்பு பெட்டி போட்டவனுடையது.

புரதங்களின் செயல்பாட்டு விவரம் தரும் யூனிப்ராட் தளத்தில் அந்தப் புரதத்தின் பக்கத்தை ஒரு மணி நேரம் படித்திருந்தால் போதும். எந்த அமினோ அமிலங்கள் வேலை செய்கின்றன, தனியாகவா ஜோடியாகவா, உலோக அயனி தேவையா என்று பாருங்கள். அப்புறம் பெட்டியைப் போடுங்கள். இறக்கிய படிக வடிவத்தில் ஏற்கெனவே ஒரு மூலக்கூறு இருந்தால் அதையே திரும்ப டாக் செய்து (மென்பொருளில் ஒட்டவைத்து), 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (அணு அளவிலான நீள அலகு) பழைய இடத்துக்கு வருகிறதா பாருங்கள். என்3-க்கு இது சரிப்படாது, அது சிஸ்டைனோடு சகப்பிணைப்பிலேயே (உறுதியான வேதிப்பிணைப்பு) சேர்ந்துவிடும், சாதாரண டாக்கிங் அதைக் கணக்கில் எடுக்காது. ஆல்ஃபாஃபோல்ட் வடிவம் என்றால் நம்பகத்தன்மை குறைந்த பகுதிகளில் பெட்டி போடவே வேண்டாம்.

வைவா சங்கதியை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மண்டியில் யாரைப் பார்த்தாலும் "கொரோனாவுக்கு மருந்து பார்த்த பையன்" என்றுதான் என்னைக் காட்டுகிறார்.