மூன்று கட்டம் போதுமா?

கேள்வி: எங்கள் பகுதி இளைஞர் மன்றம் பாலின அடையாளம் குறித்து ஆன்லைனில் சர்வே எடுக்கப்போகிறது. ஆண், பெண், மூன்றாம் பாலினம் என மூன்று கட்டம் வைத்திருக்கிறோம். போதுமா?
- வாசகர், வியாசர்பாடி

போதாது. 'மூன்றாம் பாலினம்' 2014-இல் உச்ச நீதிமன்றம் தந்த நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைய வழக்கு) தீர்ப்பிலேயே இருக்கும் சொல்தான். ஆனால் உங்கள் ஃபார்மைத் திறக்கும் திருநங்கை 'பெண்' என்றும், திருநம்பி (பிறப்பில் பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழ்பவர்) 'ஆண்' என்றும் டிக் அடித்துவிட்டுப் போகலாம். அவர்கள் சொன்னது சரி. உங்கள் கணக்கில்தான் ஆள் காணாமல் போவார். (மூன்றாமவர் என்றால் முதலாமவர் யார் என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?)

இரண்டு கேள்வியாகப் பிரியுங்கள். முதலில்: 'இன்று உங்களை எப்படி அடையாளப்படுத்துகிறீர்கள்?' ஆண், பெண், திருநங்கை, திருநம்பி, இவற்றில் அடங்காதவர், சொல்ல விரும்பவில்லை. ஒன்றுக்கு மேல் டிக் செய்ய வழி விடுங்கள். திருநங்கை, பெண் இரண்டையும் தொடுபவர் உண்டு. கீழே ஒரு காலிக் கட்டம் இருக்கட்டும். 'கோத்தி' (பெண்மைச் சாயலுள்ள ஆண்கள் சிலர் தங்களைச் சொல்லிக்கொள்வது) போன்ற சொல்லை அங்கேதான் எழுதுவார்கள். அடுத்து: 'பிறந்தபோது உங்களை என்னவென்று பதிவு செய்தார்கள்?' இரண்டு விடையும் வேறானால் ஆள் கணக்கில் வந்துவிடுவார். ஊடுபாலை (பிறப்பிலேயே உடல் ஆண், பெண் என்ற வரையறையில் அடங்காத நிலை) முதல் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது உடல்கூறு பற்றியது. தேவையென்றால் தனியாகக் கேளுங்கள். பாலீர்ப்பும் (யார் மீது ஈர்ப்பு என்பது) அப்படியே.

தமிழில் 'பாலினம்' என்ற ஒரே சொல்லை உடலுக்கும் அடையாளத்துக்கும் புழங்குகிறோம், சிக்கலே அங்கேதான். இங்கிலாந்து, வேல்ஸ் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், உங்கள் பாலின அடையாளமும் பிறப்பில் பதிவானதும் ஒன்றுதானா என்று ஒரே வாக்கியமாகக் கேட்டார்கள். ஆங்கிலம் சரளமாக இல்லாதவர்களில் சிலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்து, 2024-இல் அந்தப் புள்ளிவிவரத்தை 'இன்னும் மேம்பாட்டில் உள்ளது' என்ற நிலைக்கு அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே இறக்கியது. எனவே லிங்க் அனுப்பும் முன் ஏழெட்டுப் பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, 'இதில் என்ன கேட்கிறோம், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அதில் இரண்டு பேர் திருநர் (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோர்) அல்லாத அம்மாக்களாக இருக்கட்டும். தவறாக டிக் அடிக்கும் வாய்ப்பு அந்தப் பக்கம்தான் அதிகம். ஆயிரம் பேரில் பத்துப் பேர் கை தவறினாலே உண்மையான எண்ணிக்கை மூழ்கிவிடும்.

கேள்வி: கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் வாங்காவிட்டால் ஒரே ஆள் பத்து முறை நிரப்பிவிடுவாரே?
- வாசகி, சூளைமேடு

நிரப்பலாம். 'ஒருவருக்கு ஒரு பதில்' என்று பூட்டினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். மின்னஞ்சல் உங்களுக்கு வராது என்றாலும், பதில் சொல்பவர் தன் முகவரியைத் திரையில் பார்த்ததும் மூடிவிடுவார். பூட்ட வேண்டாம். ஒரே நிமிடத்தில் அச்சடித்தாற்போல வந்த பதில்களையும், காலிக் கட்டத்தில் வசை எழுதியவற்றையும் பிறகு தனி நெடுவரிசையில் குறியுங்கள். எதை நீக்குவது என்ற விதியை மட்டும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். விடை பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கக் கூடாதல்லவா?

பலரும் கோட்டைவிடுவது தலைப்பில். வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் ஃபார்மின் தலைப்பும் சேர்ந்து தெரியும். வீட்டுக்கு ஒரே போன் இருக்கும் இடத்தில் 'திருநர் சர்வே' என்று அது பளிச்சிட்டால் என்ன ஆகும்? 'சென்னை வாழ்க்கை - கருத்துக் கேட்பு' போதும். விவரம் உள்ளே இருக்கட்டும். பதில்களின் தொகுப்பை எல்லோருக்கும் காட்டும் வசதியையும், பதிலைப் பின்னர் திருத்தும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

பின்கோடு கேட்காதீர்கள். 600094, 34 வயது, வங்கி வேலை, திருநம்பி: பெயரே வேண்டாம், உங்கள் தெருவே ஆளைச் சொல்லிவிடும். மாநகராட்சியின் மண்டலங்களில் எது என்பதும், 18-24, 25-34 என வயதுப் பிரிவும் போதும். அப்படியும் அட்டவணையில் பத்துக்குக் குறைவான ஆள் விழும் கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: 340 பேர் பதில் தந்தார்கள், 41 பேர் திருநர். சென்னையில் 12 சதவீதம் என்று எழுதலாமா?
- வாசகர், அடையாறு

வேண்டவே வேண்டாம். லிங்க் யார் கைக்குப் போனதோ அவர்கள் பதில் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வீடு வீடாக எடுத்த 2011 கணக்கெடுப்பிலேயே 'மற்றவை' என்ற கட்டத்தில் தமிழகம் முழுக்க 22,364 பேர்தான் பதிவானார்கள். அது குறைவு என்பது பலர் கருத்து. குடும்பத்தலைவர் சொன்னதைத்தானே எழுதினார்கள்! 'பதில் தந்த 41 திருநரில் இத்தனை பேருக்கு வாடகை வீடு மறுக்கப்பட்டது' என்று எழுதுங்கள், அது நிற்கும்.

இனி எடுப்பதானால் ஜமாத் (திருநங்கையர் சேர்ந்து வாழும் சமூகக் கூட்டம்) குழுவுக்கு ஒன்று, இன்ஸ்டாகிராமுக்கு ஒன்று என வழிக்கொரு ஃபார்ம் போடுங்கள். எல்லாமே ஒரே ஜமாத்திலிருந்து வந்தால் அப்போது தெரிந்துவிடும். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வேண்டாம். திருநங்கையர் பலர் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் திருவிழாவில் இருப்பார்கள்.

கேள்வி: பிளஸ் டூ மாணவர்களையும் சேர்க்கலாமா?
- ஆசிரியை, பெரம்பூர்

கூடாது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 நிறையாதவர் குழந்தை. தனிப்பட்ட விவரம் வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்கப் போனாலே பிள்ளையின் ரகசியம் வீட்டில் உடைந்துவிடும். முதல் கேள்வியாக வயதை வையுங்கள். '18-க்குக் கீழ்' என்றால் நேரே நன்றிப் பக்கத்துக்குப் போகும்படி அமைத்துவிடுங்கள்.