மிரியம் மகேபா: ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நியூயார்க் வரை – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்கப் பாடகி மகேபா பாட வந்ததிலிருந்து 1963 வரை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

அக்கா, அவர் பாட்டுகளை முதல்முறை கேட்கப்போகிறேன். ‘பட்டா பட்டா’ பாட்டிலிருந்து தொடங்கலாமா?

வேண்டாம் தம்பி. அது அமெரிக்காவில் பிரபலமானது 1967இல். ஐம்பதுகளின் பிற்பாதியில் ஸ்கைலார்க்ஸ் என்ற பெண்கள் குழுவோடு பாடியவற்றை முதலில் கேளுங்கள். பதிவான வருடம் போடாத தொகுப்புகளை வாங்காதீர்கள். பழைய பதிவையும் பிற்காலப் பதிவையும் கலந்துவிடுகிறார்கள்.

ஒரு பாட்டில் ‘டொக் டொக்’ என்று வருகிறதே, அது என்ன வாத்தியம்?

வாத்தியம் இல்லை, நாக்கு! தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியின் மெய்யெழுத்து அது. ஐயோ பாவம் என்று நாம் உச்சுக்கொட்டுகிறோம் இல்லையா, அதே ஒலி அங்கே ஓர் எழுத்து. மேலண்ணத்தில் நாக்கை ஒட்டி இழுத்துவிட்டால் வரும் ‘டொக்’ இன்னோர் எழுத்து. கல்யாணங்களில் பாடும் பாட்டு அது, தட்டித் தட்டி ஒலியெழுப்பும் ஒரு வண்டைப் பற்றியது. தயவுசெய்து அதை வேடிக்கைச் சத்தம் என்று எழுதாதீர்கள். அது ஒரு மக்களின் தாய்மொழி.

இது ஜாஸ்தானா?

மூன்று நான்கு கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) சுற்றிச் சுற்றி வரும் தென்னாப்பிரிக்க மராபி இசை, அதன்மேல் ஸ்விங் என்ற அமெரிக்க நடன ஜாஸ். ஜாஸ்தான்.

அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபான்டே கண்டெடுத்து உருவாக்கிய பாடகிதானே இவர்?

இதை மட்டும் விடமாட்டேன். பெலஃபான்டேவை லண்டனில் சந்தித்தது 1959இல். அதற்கு முன்பே மன்ஹாட்டன் பிரதர்ஸ் என்ற தென்னாப்பிரிக்கக் குழுவோடு ஊர் ஊராகப் பாடியவர். அதே வருடம் ஜோகன்னஸ்பர்க்கில் ‘கிங் காங்’ இசைநாடகத்தில் கதாநாயகி. அனுமதியில்லாத மதுக்கடை நடத்தும் பெண்ணின் வேடம். மகேபா பதினெட்டு நாள் குழந்தையாக இருந்தபோது, வீட்டில் பீர் காய்ச்சி விற்றதற்காக அவருடைய அம்மாவைச் சிறையில் போட்டார்கள். குழந்தையும் அம்மாவோடு ஆறு மாதம் உள்ளே இருந்தது. அந்த வேடத்துக்கு வேறு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

ஆனால் பெலஃபான்டே இல்லாவிட்டால் அமெரிக்கா அவரை அறிந்திருக்குமா?

1956லேயே மன்ஹாட்டன் பிரதர்ஸோடு அவர் பாடிய ‘லவ்லி லைஸ்’ அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் பட்டியலில் ஏறிவிட்டது. அதன் மூலப்பாட்டில், காணாமல்போன காதலரை ஆஸ்பத்திரியிலும் சிறையிலும் தேடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது கண்ணழகைப் பாடும் காதல் பாட்டாகிவிட்டது. கறுப்பர் நகரங்களில் ஒரு மாலைப்பொழுது எப்படி இருக்கும் என்று சொன்ன வரிகள் போய்விட்டன. எனக்கு இன்றும் ஆறவில்லை.

நீங்கள் பெலஃபான்டேவைக் குறைத்துப் பேசுகிறீர்கள். கிராமி விருதே அவரோடு சேர்ந்துதானே?

குறைக்கவில்லை. அவர் செய்த உதவி பெரியது, மகேபாவும் அதை மறைத்ததில்லை. 1966இல் கிடைத்த கிராமி இருவர் பெயரிலும் வந்தது. கதவைத் திறந்தவர் அவர் என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ‘உருவாக்கினார்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

‘பட்டா பட்டா’ எப்படி, நல்ல தொடக்கமா?

முதல் பதிலைப் பாருங்கள். வருடத்தையும் பாருங்கள்.

அவருடைய கணவர்களைப் பற்றிச் சொல்லுங்களேன்.

பாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

அவ்வளவு புகழ் வந்தபிறகும் ஏன் ஊர் திரும்பவில்லை?

திரும்பப் பார்த்தார். 1960இல் அம்மா இறந்தபோது இறுதிச்சடங்குக்குப் போக முயன்றார். அப்போதுதான் தன் பாஸ்போர்ட்டை அரசு ரத்துசெய்திருப்பது தெரிந்தது. தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் போராடியவர்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்ததும் அதே வருடம்தான். 1963இல் ஐ.நா. குழுவின் முன் நிறவெறி ஆட்சியைப் பற்றிச் சாட்சி சொன்னார். குடியுரிமை போயிற்று, சொந்த நாட்டில் இசைத்தட்டுகளுக்கும் தடை. 27 வயதில் கிளம்பியவர் மறுபடி ஊர் மண்ணை மிதித்தது 1990இல், 58 வயதில்.