ஆண்டிறுதி விடுமுறையில் என்ன படிக்கலாம்? கேள்வி பதில்

கே (செந்தூல்): பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சிட்டேன் அண்ணே. அடுத்து எந்த நாவலை எடுத்தாலும் பத்துப் பக்கம் தாண்ட மாட்டேங்குது.

ப: தம்பி, அது 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்த தொடர். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியைப் போட்டுவிட்டுத்தான் முடியும். கொக்கி இல்லாத நாவல் ஆரம்பத்தில் அப்படித்தான் இழுக்கும். உங்கள் வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. அடுத்து ப. சிங்காரத்தைப் படியுங்கள். ஆனால் 'புயலிலே ஒரு தோணி'யை முதலில் எடுக்க வேண்டாம். அதில் நினைவும் நடப்பும் கலந்து ஓடும், நடுநடுவே பழந்தமிழ் வரிகளும் மலாய்ச் சொற்களும் வரும். பலர் முதல் சில அத்தியாயங்களிலேயே விட்டுவிடுகிறார்கள். முதலில் 'கடலுக்கு அப்பால்'. ஐ.என்.ஏ.விலிருந்து (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) பினாங்கு வட்டிக்கடைக்குத் திரும்பும் செல்லையாவின் கதை, நேராகப் போகும். போர்க்காலப் பினாங்கும் வட்டிக்கடைப் பேச்சும் அதில் பழகிவிட்டால் 'தோணி' திறந்துகொள்ளும். மலேசிய மண்ணில் வாழும் தமிழர் அதைப் படிக்காமல் விடுவது பெரிய இழப்பு.

கே (பட்டர்வொர்த்): நம்ம நாட்டு எழுத்தாளர்களை எங்கேருந்து தொடங்குறது? பெயர்களைப் பார்த்தாலே மலைப்பா இருக்கு.

ப: அக்கா, பெயர்களை விடுங்கள், ஒரே ஒரு நிகழ்வைப் பிடியுங்கள். 1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை, சுமார் 415 கிலோமீட்டர். தோட்டங்களிலிருந்து போன நம் சனங்கள் ஏராளமானோர் அங்கேயே மாண்டார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', கோ. புண்ணியவானின் 'கையறு' மூன்றுமே அதைப் பற்றியவை. அடுத்தடுத்துப் படியுங்கள். விஷயம் ஒன்றே என்பதால் ஒவ்வொருவரும் எதை உற்றுப் பார்க்கிறார், எதைக் கடந்து போகிறார் என்பது பளிச்சென்று தெரியும். உங்களுக்கு நெருக்கமானவர் யார் என்பது தானாக விளங்கும். பிறகு அவருடைய மற்ற நூல்களைத் தேடுங்கள்.

நாவலுக்கு நேரமில்லை என்றால் மா. சண்முகசிவா, சீ. முத்துசாமி சிறுகதைகள். முதல் கதையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்றைப் படித்துப் பாருங்கள்.

கே (பிரிக்பீல்ட்ஸ்): ஒரு விடுமுறைக்கு எத்தனை புத்தகம் வாங்கலாம் சார்?

ப: கடிகாரத்தை வைத்துப் பத்துப் பக்கம் படியுங்கள். 20 நிமிடம் ஆனால் மணிக்கு 30 பக்கம். 300 பக்க நாவலுக்குப் பத்து மணி நேரம். தினம் முக்கால் மணி நேரம் என்றால் இரண்டு வாரம். கணக்குக்கு மேல் ஒரே ஒரு புத்தகம் கூடுதலாக வாங்குங்கள், பிடிக்காததை மாற்றிக்கொள்ள.

கே (ஜார்ஜ்டவுன்): பழைய தமிழ் நூல்களை இலவசமா தர்ற மதுரைத் திட்ட இணையதளத்துல இறக்கிய கோப்பில் எழுத்தெல்லாம் கோணல்மாணலா வருது.

ப: நீங்கள் எடுத்தது டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் உள்ள கோப்பாக இருக்கும். அதே நூலின் யூனிகோட் வடிவத்தை எடுங்கள். கைப்பேசியில் பி.டி.எஃப். வேண்டாம், பக்கம் பெரியது, எழுத்து சுருங்கிவிடும்.

கே (செராஸ்): பழைய புத்தகம் வாங்கினேன், பூஞ்சை வாடை அடிக்குது, பொடிப்பூச்சியும் ஓடுது. வெயில்ல வைக்கலாமா?

ப: வேண்டாம். தாள் பழுப்பேறும், முதுகுப் பசை வெடிக்கும். வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் பூஞ்சையைத் தட்டுங்கள். பிறகு நிழலில், பக்கங்களை விசிறிபோல் விரித்து, காற்றாடிக்குக் கீழே இரண்டு நாள் நிறுத்துங்கள். நன்றாகக் காய்ந்தபின், பூச்சிக்கு: காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 பாகையில் உறைபெட்டியில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். குளிர்ந்த தாளில் நம்மூர் ஈரக்காற்று பட்டால் தண்ணீர் கோத்துப் பூஞ்சை திரும்பவும் பிடிக்கும்.