அண்டார்டிகா கப்பலில் வேலை: பாலக்கோட்டிலிருந்து கேட்ட ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உங்கள் மகன் கேட்டரிங் முடித்திருக்கிறார். அண்டார்டிகா போகும் சின்னக் கப்பலில் கிச்சன் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார்; தம்பியை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒகேனக்கல் பரிசலிலேயே கண்ணை மூடிக்கொள்ளும் உங்களுக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியமில்லை.

அப்படிப்பட்ட கப்பல்கள் நிஜமாகவே இருக்கின்றன. நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன். பெரும்பாலும் அர்ஜென்டினாவின் உசுவாயாவிலிருந்து கிளம்பும். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவிலுள்ள டிரேக் நீரிணையைத் தாண்ட இரண்டு நாள் ஆகும், பழகாத உடம்புக்கு வாந்திதான். ஒரே இடத்தில் ஒரு நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது என்பதால், ரப்பர் படகில் பகுதி பகுதியாக இறக்குவார்கள். தம்பிக்குப் பென்குயின் பார்க்க நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்நேரம் அவர் கீழே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்!

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். 2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல் அங்கே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. ஆனால் 154 பேரும் பிழைத்தார்கள். துருவக் கடலுக்கென்றே தனி விதிமுறை 2017 முதல் அமலில் இருக்கிறது.

எனக்குக் கவலை அந்த மூன்று லட்சம்தான். கப்பல் வேலை வாங்கித்தர ஊழியரிடம் கமிஷன் வாங்கவே கூடாது என்கிறது சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம்; இந்தியா 2015-இல் அதை ஏற்றது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, சிடிசி புத்தகம் (கப்பல் ஊழியருக்கு அரசு தரும் அடையாளப் புத்தகம்) இவற்றின் செலவு நம்முடையது. விசா செலவு கப்பல் முதலாளியுடையது. மற்றபடி யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு கப்பலுக்கு ஆள் எடுப்பதற்கான ஆர்பிஎஸ்எல் என்ற அரசு உரிமம் இருக்க வேண்டும்; கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் தம்பியே பார்த்துவிடலாம்.

உரிமம் சரியாக இருந்தாலும், இப்போதே அனுப்பாதீர்கள் என்பது என் எண்ணம். சின்னக் கப்பலின் கிச்சனில் ஆள் குறைவு, நின்று சொல்லித்தர யாருக்கும் நேரமிருக்காது. ஓசூரிலோ பெங்களூரிலோ நல்ல ஹோட்டலில் ஓரிரு வருடம் கை பழகட்டும். அப்புறம் சென்னையில் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் கப்பல் ஊழியர்களுக்கான எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேசத் தர அடிப்படைப் பயிற்சி: தீயணைப்பு, கடலில் உயிர்காப்பு, முதலுதவி. அதற்குப் பிறகு சிடிசி.

ஏஜென்ட் கொடுத்த கடிதத்தைத் தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள். கப்பலின் பெயரும் கப்பலின் அடையாளமான ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணும் அதில் இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்போம். அதுவரை அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.