பாட்டி விட்டுச்சென்ற உருவப்படத்தில் இருப்பவர் யார்?

படத்தில் இருப்பவர் குடும்பத்தில் சொல்வதுபோல உங்கள் பூட்டிதானா என்பதை அறிய, படத்திலுள்ள மங்கிய கையெழுத்தைப் படிக்க முயல்வதை விட்டுவிட்டு, முதலில் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

கான்வாஸை இழுத்துக் கட்டியிருக்கும் மரச்சட்டத்தில் கறுப்பு மையில் அச்சிட்ட எண் இருந்தால், அது ஏல நிறுவனம் தன்னிடம் விற்பனைக்கு வந்த பொருளுக்கு இட்ட இருப்பு எண்ணாக இருக்கக்கூடும். லண்டனின் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் இவ்வாறுதான் குறித்துவந்தது. அப்படியானால், படம் எப்போதோ விலைக்கு வாங்கப்பட்டு, உறவுமுறை பின்னர் வாய்வழியாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். இதையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால், நேர்வெளிச்சத்தில் தெரியாத பென்சில் எழுத்தின் அழுத்தத் தடம் தெரியக்கூடும். அதைப் படமெடுத்து, பாட்டியின் உயிலோடும், அவருக்கு முன் படத்தை வைத்திருந்தவர்களின் சொத்துப் பட்டியல்களோடும் ஒப்பிடுங்கள்.

படத்தைச் சுற்றியுள்ள வெளிச்சட்டத்தில் ஒட்டிய சீட்டு அந்தச் சட்டத்துக்கு மட்டுமே சான்று, படத்துக்கு அல்ல. வெளிச்சட்டங்கள் அடிக்கடி மாற்றப்படுபவை. எந்தச் சீட்டையும் ஈரத்துணியால் துடைக்கவோ உரிக்கவோ வேண்டாம்.